பால் டம்ளரிலிருந்து சர்க்கரையை இறக்குதல்: அளவு, மாவு, டிபன் டப்பா

குழந்தை இனிப்பு அதிகம் தின்கிறது என்று சொல்லும் வீட்டில் கேட்டால் லட்டையும் சாக்லேட்டையும்தான் கைகாட்டுவார்கள். மூன்று நாள் எழுதி வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு இடத்தில் போய் நிற்கும்: காலையும் மாலையும் தவறாத பால் டம்ளர், அதோடு நாலு பிஸ்கட். லட்டு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. டம்ளர் வருடத்துக்கு எழுநூறுக்கு மேல். அதனால் வேலையை டம்ளரில் தொடங்க வேண்டும். இங்கே உள்ள அளவுகள் 4 முதல் 9 வயதுக் குழந்தைக்கானவை. இரண்டு வயதுக்குக் கீழே சர்க்கரை சேர்க்கவே தேவையில்லை. ஒரு வயதுக்குக் கீழே தேனும் கூடாது; அதில் பாட்டுலிசம் என்ற நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்க வாய்ப்புண்டு.

எழுதி வைக்கும் மூன்று நாள்

இந்த மூன்று நாளில் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நாள் ஞாயிறாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு தனி. குழந்தையின் வாய்க்குள் போகும் இனிப்பு எல்லாம் அளவோடு எழுத்தில் வர வேண்டும். தோசைக்குத் தொட்ட சீனி, சப்பாத்தியில் தடவிய ஜாம், தாத்தா கொடுத்த மிட்டாய் எதுவும் விட்டுப்போகக் கூடாது.

முதல் சிக்கல் ஸ்பூன். மருந்து பாட்டிலோடு வரும் 5 மில்லி ஸ்பூனில் தலை தட்டினால் சர்க்கரை சுமார் 4 கிராம். அதே அளவு எவர்சில்வர் ஸ்பூனில் கோபுரமாக அள்ளினால் 7 கிராம் வரை போகும். "ஒரு ஸ்பூன்தான் போடுறேன்" என்பதற்குள் கிட்டத்தட்ட இருமடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. சமையலறைத் தராசு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மருந்து ஸ்பூனை சர்க்கரை டப்பாவுக்குள்ளேயே போட்டுவிட்டு மற்ற ஸ்பூன்களை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தது லேபிள். பாக்கெட்டின் பின்பக்க அட்டவணையில் 'டோட்டல் சுகர்ஸ்', 'ஆடட் சுகர்ஸ்' என்று இரண்டு வரி இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. ஒரு வேளைக்கு இத்தனை சதவீதம் என்று பக்கத்தில் போட்டிருப்பதை நம்பிக் குழந்தைக்கு அளக்கக் கூடாது. இந்திய லேபிள் விதிப்படி அந்தச் சதவீதம் 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்ற அடிப்படையில் போடப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வரம்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே. 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது. 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளைக்குச் சுமார் 1,360 கலோரி என்று வைத்தால் 10 சதவீதம் 34 கிராம், 5 சதவீதம் 17 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி பெரியவர்களுக்கே 25 கிராமோடு நிறுத்தச் சொல்கிறது.

இப்போது டம்ளருக்கு வருவோம். 150 மில்லி பால், அதில் 20 கிராம் சாக்லேட் நிற மால்ட் பவுடர், மேலே ஒரு கோபுர ஸ்பூன் சீனி. பவுடரில் 100 கிராமுக்கு 32 கிராம் சேர்த்த சர்க்கரை இருந்தால் (உங்கள் டப்பாவில் எவ்வளவு என்று பாருங்கள்) அதிலிருந்து 6.4 கிராம், சீனியிலிருந்து 7 கிராம். இரண்டு டம்ளருக்கு 27 கிராம் ஆகிவிட்டது. நாலு சின்ன குளுக்கோஸ் பிஸ்கட்டுக்கு இன்னொரு 5 கிராம். ஒரு மேசைக்கரண்டி ஜாம் சுமார் 10 கிராம். மொத்தம் 42. இதில் 'இனிப்பு' என்று யாரும் பெயர் சொல்லும் பண்டம் ஒன்றுகூட இல்லை.

பாலின் சொந்த இனிப்பான லாக்டோஸ், முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரை இரண்டும் இந்தக் கணக்கில் வராது. தேன், பழச்சாறு, நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாம் வரும். வெள்ளைச் சீனியை நாட்டுச் சர்க்கரையாக மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கும் வீடுகள் நிறைய. இனிப்பு சற்றுக் குறைவாகத் தெரிவதால் கை தானாகக் கூடப் போடும். தராசில் வைத்துப் பார்த்தால் பழையதைவிட அதிகமாகவே இருக்கும். மணத்துக்காகக் கருப்பட்டி போடுங்கள், ஆனால் சீனி என்று நினைத்தே அளந்து போடுங்கள்.

சீனியைப் படி இறக்குவது

ஒரே நாளில் நிறுத்தினால் டம்ளர் அப்படியே திரும்பி வரும், வீட்டில் சண்டையும் வரும். நாக்குக்குப் பழகும் அவகாசம் வேண்டும். வரிசை இது: கோபுர ஸ்பூனிலிருந்து தலை தட்டிய ஸ்பூன், பிறகு அரை, பிறகு கால், பிறகு ஒன்றுமில்லை. ஒவ்வொரு படியிலும் ஐந்தாறு நாள் நிற்க வேண்டும். சளி, காய்ச்சல், பரீட்சை வாரத்தில் படி இறங்க வேண்டாம். இருக்கும் இடத்திலேயே நில்லுங்கள்.

எந்த டம்ளரில் முதலில்? படுக்கப்போகும் முன் குடிக்கும் பால் இருந்தால் அதில்தான். தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைந்துவிடும். பல்லில் ஒட்டிய சர்க்கரை இரவெல்லாம் அங்கேயே இருந்து கிருமிக்குத் தீனியாகும். பல்லைப் பொறுத்தவரை மொத்த அளவோடு எத்தனை முறை, எந்த நேரத்தில் என்பதும் முக்கியம். இரவுப் பாலை இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துவிட்டுப் பல் தேய்ப்பதைக் கடைசி வேலையாக்குங்கள்.

சீனி இறங்கும்போது வேறு சில விஷயங்கள் கைகொடுக்கும். பாலைச் சிறுதீயில் 200 மில்லி 160 ஆகும் வரை சுண்டவிட்டால் அதன் சொந்த இனிப்பே தூக்கலாகத் தெரியும். கொதிக்கக் கொதிக்கவோ ஃப்ரிட்ஜ் குளிரிலோ கொடுத்தால் இனிப்பு மந்தமாகத் தெரியும், இளஞ்சூடுதான் சரி. ஏலக்காய், நாக்கு ஏற்கெனவே இனிப்போடு சேர்த்துப் பழகிய வாசனை. ஒரு ஏலக்காயைத் தட்டிப் போட்டால் கால் ஸ்பூன் குறைந்தது தெரியாமல் போகும். பேரீச்சை அரைத்து ஊற்றுவது பலர் செய்யும் மாற்று. அரைத்த பிறகு அது பல்லுக்கும் நாக்குக்கும் சர்க்கரைபோலத்தான். ஒரு டம்ளருக்கு ஒரு பழத்தோடு நிறுத்துங்கள், அதையும் படியில் சேர்த்து இறக்குங்கள். சர்க்கரை இல்லாத செயற்கை இனிப்பு மாத்திரை, சொட்டு எதுவும் குழந்தைக்கு வேண்டாம். இறக்க நினைப்பது நாக்கின் பழக்கத்தை. அவை அந்தப் பழக்கத்தை அப்படியே நிறுத்தி வைக்கும்.

டப்பா பவுடருக்கு மாற்று

'ஆரோக்கிய பானம்' என்ற வகையே 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இந்தப் பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் வைத்து விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது இதனால்தான். அதற்காகப் பவுடரில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. இரும்பும் வைட்டமின்களும் அதில் சேர்த்திருக்கிறார்கள். நிறுத்தும்போது அந்த இடத்தை நிரப்ப வேண்டும்: தினம் ஒரு முட்டை, அல்லது வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரையும் அன்றைக்கே கொஞ்சம் நெல்லிக்காயோ எலுமிச்சையோ. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 20 கிராம் மால்ட் பவுடரில் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கை எட்டுவதே கடினம். இன்னொன்று: பாலே நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் சின்னக் குழந்தைக்குச் சாப்பாட்டில் பசி இருக்காது, இரும்புச்சத்தும் குறையும்.

பவுடரை இறக்கக் கலப்புதான் வழி. வீட்டுப் பொடி ஒன்று செய்து, காலி டப்பாவில் கடைப் பவுடர் மூன்று பங்கு, வீட்டுப் பொடி ஒரு பங்கு, ஒரு வாரம். பிறகு சரிபாதி, பத்து நாள். பிறகு ஒன்றுக்கு மூன்று. அங்கேயே நின்றுவிட்டாலும் 20 கிராமில் சர்க்கரை 1.6 கிராம்தான். அதற்கு மேல் பிடிவாதம் தேவையில்லை.

வீட்டுப் பொடி: பொட்டுக்கடலை 100 கிராம், பாதாம் 50, இனிப்பில்லாத கோகோ 20, ஏலக்காய் 6. பாதாமை வெறும் வாணலியில் சிறுதீயில் ஏழெட்டு நிமிடம் வறுத்து முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு அரைத்தால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். பொட்டுக்கடலையைத் தனியே நைசாக அரைத்த பிறகு பாதாமைச் சேர்த்து, மிக்சியை விட்டு விட்டு ஓட்டுங்கள். பொட்டுக்கடலை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். கண் நெருக்கமான சல்லடையில் சலித்துக் கோகோ கலந்தால் முடிந்தது. குறை ஒன்று உண்டு: டம்ளரின் அடியில் வண்டல் தங்கும். கடைசி வாய் நறநறவென்று இருந்தால் அடுத்த நாள் முழு டம்ளரும் வேண்டாம் என்றாகிவிடும். சின்ன மத்தால் கடைந்து, கடைசி அரை அங்குலத்தைக் கட்டாயப்படுத்தாமல் விட்டுவிடுங்கள். வெளியே இரண்டு வாரம் தாங்கும். பிறகு பாதாம் சிக்கு வாடை வரும். கொட்டைப் பருப்பை முன்பு தின்றிராத குழந்தைக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்று முதலில் சிறிதளவு தனியே கொடுத்துப் பாருங்கள்.

முளைகட்டிய கேழ்வரகு: சர்க்கரை போடாமல் வரும் இனிப்பு

மாலை வேளைக்கு இதுதான் முக்கியமான வேலை. சத்துமாவு செய்யாத வீடு குறைவு. ஆனால் முளைகட்டியும் கஞ்சி இனிக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அடுப்பில் இருக்கிறது. தானியம் முளைவிடும்போது அமிலேஸ் என்ற நொதி உருவாகும். அது மாவுச்சத்தை வெட்டி மால்டோஸ் சர்க்கரையாக்கும். கஞ்சி இளகும், லேசாக இனிக்கும். இந்த நொதி 60 முதல் 70 டிகிரி சூட்டில் மும்முரமாக வேலை செய்யும், கொதிநிலையில் செத்துவிடும். மாவைச் சிவக்க வறுத்தாலும், கொதிக்கும் தண்ணீரில் கொட்டினாலும், முளைகட்டிய பாடெல்லாம் வீண். இப்படி வரும் மால்டோஸும் சர்க்கரைதானே என்றால், ஆமாம். ஆனால் தேவைப்படும் அளவு மிகக் குறைவு, அதோடு தானியம் முழுதும் சேர்ந்தே உள்ளே போகிறது.

கேழ்வரகு 500 கிராம். கல், தூசி போகக் களைந்து, நாலைந்து தண்ணீரில் கழுவி, 8 மணி நேரம் ஊறவிடுங்கள். நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் புளிப்பு வாடை வராது. வடிதட்டில் அரை மணி நேரம் வைத்து முழுக்க வடித்த பிறகுதான் துணியில் கட்ட வேண்டும். சொட்டச் சொட்டக் கட்டுவதே முளை கெடுவதற்கு முதல் காரணம். பழைய பருத்தி வேட்டித் துணி நல்லது; பாலியஸ்டர் கலந்த துணியில் காற்று புகாது. தமிழ்நாட்டுச் சூட்டில் 24 மணி நேரத்தில் வெள்ளை முளை வந்துவிடும், மார்கழியில் 36 வரை ஆகலாம். துணி காய்ந்தால் தண்ணீர் தெளியுங்கள், நனைக்க வேண்டாம். முளை அரை சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் விட்டால் கசக்கும். வழவழப்போ, புளித்த வாடையோ, பச்சை அல்லது கறுப்புப் பூஞ்சையோ தெரிந்தால் கழுவிக் காப்பாற்றப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். சோளத்தை (ஜோவர்) இப்படி முளைகட்ட வேண்டாம். அதன் முளையில் சயனைடு விடும் பொருள் உண்டு.

ஒற்றை அடுக்காகப் பரப்பி வெயிலிலோ மின்விசிறிக்கடியிலோ, கடித்தால் 'கடுக்' என்னும் வரை காயவைக்க வேண்டும். மழை நாளில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. காய்ந்ததை முரட்டுத் துண்டில் வைத்துத் தேய்த்துப் புடைத்தால் வேர்த் துகள்கள் பறந்துவிடும். கசப்பில் பாதி அதோடு போகும். பிறகு வாணலியில் மிகச் சிறிய தீயில், கையை வைத்தால் பொறுக்கும் சூட்டில் ஐந்து நிமிடம் புரட்டினால் போதும். வாசனைக்காக வறுக்க வேண்டியது பச்சைப் பயறு 150 கிராம், பொன்னிறமாக, தனியாக. பயறு சரியாக வறுபடாவிட்டால் பச்சை வாடையும் வயிற்று உப்புசமும் வரும். ஆறியதும் கேழ்வரகோடு சேர்த்து அரைக்கக் கொடுங்கள்.

மாவு மில்லில் முன்பு என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய்க்குப் பிறகு நம் மாவு போனால் குழந்தை ஒரு வாய்க்கு மேல் தொடாது. கோதுமைக்கோ அரிசிக்கோ பின்னால் வரிசையில் நின்று, முதலில் விழும் ஒரு கைப்பிடியைத் தள்ளிவிடலாம். அரைத்த மாவு சுடும். அதே சூட்டில் டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும், பூசணம் பிடிக்கும். அகலத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுங்கள். செய்தித்தாளில் வேண்டாம், அச்சு மை ஒட்டும். வெளியே மூன்று வாரம், ஃப்ரிட்ஜில் இரண்டு மாதம்.

காய்ச்சும் முறையில்தான் இனிப்பு இருக்கிறது. மாவு 15 கிராம், அதாவது மேசைக்கரண்டியில் ஒன்றரை, 80 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் வைத்துக் கிண்டுங்கள். விரல் நுனி ஒரு நொடிக்கு மேல் பொறுக்காத சூடு வந்ததும் அடுப்பை அணைத்து மூடி 10 நிமிடம் வைத்துவிடுங்கள். திறக்கும்போது கஞ்சி முன்னைவிட நீர்த்திருக்க வேண்டும். பிறகு கொதிக்கவிட்டு ஐந்தாறு நிமிடம் கிண்டி, காய்ச்சிய பால் 100 மில்லி, இரண்டு பரல் உப்பு, ஏலக்காய். கொதிக்க வைப்பதை விட்டுவிடக் கூடாது. முளைகட்டி, கை பட்டு, மில்லுக்குப் போய் வந்த மாவு இது. பத்து நிமிடத்துக்குப் பிறகும் கஞ்சி கூழாகவே நின்றால் மாவை அதிகம் வறுத்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் முளை போதவில்லை. அந்த மாவை வீணாக்க வேண்டாம். தோசை மாவில் கலந்துவிட்டு அடுத்த ஈடைச் சரியாகச் செய்யுங்கள்.

தொடக்கத்தில் அரை ஸ்பூன் கருப்பட்டிப் பாகு சேர்த்தாலும் தவறில்லை, படி இறக்கும் கணக்கில் அதுவும் இறங்கினால் சரி. பால் சேர்த்த கஞ்சி கொதிக்கும்போது பாகை ஊற்றாதீர்கள், திரிந்துவிடும். இறக்கி ஆறிய பிறகு கலக்குங்கள்.

டிபன் டப்பா, நாலு மணி, பெரியவர்கள்

பள்ளியில் காலை இடைவேளை பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதற்குள் கழிப்பறை, விளையாட்டு, சாப்பாடு மூன்றும் நடக்க வேண்டும். பிஸ்கட் ஜெயிப்பதற்கு இனிப்பு பாதிக் காரணம். வேகம் மீதிக் காரணம். மாற்றாக வைப்பது இரண்டு கடியில் தீர வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. சின்னக் காரக் கொழுக்கட்டை மூன்று, குழிப்பணியாரம் நாலு, பூவனோ கற்பூரவள்ளியோ ஒரு பழம். மாதுளை முத்து ஸ்பூனோடு. முழுக் கொய்யாவை வைத்தால் பாதி கடித்தபடி வீட்டுக்கு வரும். சுண்டலைச் சூட்டோடு அடைத்தால் பதினொரு மணிக்கே நீர்த்து வாடை வரும். தட்டில் ஆறவைத்து, கோடையில் தேங்காய்த் துருவல் இல்லாமல் தாளித்து வையுங்கள். 30 கிராம் கொண்டைக்கடலை ஊறி வெந்தால் ஒரு குழந்தைக்குச் சரியான டப்பா.

'ராகி பிஸ்கட்', 'மில்லட் குக்கீஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு இறங்கும். மைதா முதலில், சர்க்கரை இரண்டாவது, ராகி நாலாவது என்றால் அது வேறு நிறத்தில் வந்த அதே பிஸ்கட்தான். லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்று சர்க்கரையைப் பிரித்துப் போட்டிருந்தால் அத்தனையையும் கூட்டிப் பாருங்கள். மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின் பெரும்பாலும் சர்க்கரை வரியில் வராது, ஆனால் உடலுக்குள் வேகமாக குளுக்கோஸாகிவிடும்.

சீனி தொட்டு இட்லி சாப்பிடும் குழந்தைக்குக் காரமில்லாத பொடி வேண்டும். உளுந்து 50 கிராம், கடலைப்பருப்பு 50, வறுத்த எள் இரண்டு ஸ்பூன், மிளகாய் இரண்டே இரண்டு, பூண்டு நாலு பல், உப்பு. நெய்யில் குழைத்துக் கொடுங்கள். முதலில் ஒரு இட்லிக்குப் பொடி, இரண்டாவதுக்குச் சீனி; சில நாளில் சீனி தட்டிலிருந்து தானாக நகரும்.

பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பண்டம் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி சொல்கிறது. சிபிஎஸ்இ 2025-ல் சர்க்கரை அளவை விளக்கும் 'சுகர் போர்டு' பலகை வைக்கச் சொல்லிப் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பெற்றோர் கூட்டத்தில் இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்கலாம். வகுப்பில் பிறந்தநாள் சாக்லேட்டுக்குப் பதில் பென்சில் என்று ஒரு ஆண்டுக்கு எல்லாரும் ஒத்துக்கொண்டால் வருடத்தில் முப்பது நாற்பது சாக்லேட் குறையும்.

வீட்டுப் பெரியவர்களிடம் "கொடுக்காதீங்க" என்பது செல்லாது. பேரனுக்குக் கொடுக்கத்தான் தாத்தா கடைக்கே போகிறார். கையில் இருப்பதை மாற்ற வேண்டும். "அத்தை, அவனுக்கு உருண்டை நீங்க பிடிச்சாத்தான் பிடிக்குது" என்று வேலையைப் பாட்டியிடம் ஒப்படைத்தால் பிஸ்கட் பாக்கெட்டின் வரத்து பாதியாகும். கடைக் கடலை மிட்டாயில் வெல்லம் தாராளம். பாகில் பிடிப்பதால் குறைத்தால் உதிரும். பாகில்லாமல் செய்யுங்கள்: வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 100 கிராமை மிக்சியில் விட்டு விட்டு ஓட்டி, எண்ணெய் கசிய ஆரம்பித்ததும் பொடித்த வெல்லம் 25 கிராம் போட்டு இன்னும் இரண்டு சுற்று. வெதுவெதுப்பு இருக்கும்போதே பிடித்தால் நிற்கும், ஆறினால் உதிரும். ஒரு உருண்டை 12 கிராம், அதில் சர்க்கரை இரண்டு கிராமை ஒட்டி. முழுக் கடலையை மட்டும் ஐந்து வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

தீபாவளிக்கோ கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனதற்கோ பிறகு டம்ளர் பழைய இனிப்பைக் கேட்கும். முதல் படிக்குத் திரும்ப வேண்டியதில்லை. விட்ட இடத்துக்கு ஒரு படி மேலே (கால் ஸ்பூனில் விட்டிருந்தால் அரை ஸ்பூனில்) நாலு நாள் நின்றுவிட்டு மறுபடி இறங்கலாம். இரண்டாம் முறை இறங்குவது முதல் முறையைவிட வேகமாகவே நடக்கும்.